அரிக்காத தூசி

அன்புள்ள மகளுக்கு,

மணிக்கட்டும் கழுத்தும் அரித்துத் தூக்கமே வரவில்லை என்று போனில் சொன்னாய். சூளைச் சூட்டைத் தாங்கும் செராமிக் ஃபைபர் இழை செய்யும் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படித்தான். தேய்க்காமல் தண்ணீர்விட்டுக் கழுவு. கொஞ்ச நாளில் பழகிவிடும். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயம்.

அரிப்பதெல்லாம் தடித்த இழை. தோலில் குத்தி நிற்குமே தவிர நுரையீரலின் ஆழம்வரை போகாது. 3 மைக்ரானுக்கும் மெல்லிய இழைதான் மூச்சோடு இறங்கும். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான், பார்த்துக்கொள். அந்த மெல்லியது கண்ணுக்கும் தெரியாது, அரிக்கவும் அரிக்காது. நாங்களோ அரிப்பை வைத்தே தூசியை அளந்தோம். அரிக்கவில்லையா, மாஸ்க் கழுத்துக்கு இறங்கிவிடும். அந்தச் சட்டையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். துவைத்த உன் அம்மாவின் கையும் அரித்தது. நீ சட்டையை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வா.

அஸ்பெஸ்டாஸ் மாதிரி என்று யாராவது பயமுறுத்தினால் அப்படியே நம்பாதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் நம் செராமிக் இழையைப் புற்றுநோய் தரக்கூடும் என்ற ‘2பி’ பிரிவில்தான் வைத்தது. விலங்குகளிடம் போதிய சான்று இருந்தது, மனிதரிடம் இல்லை. ஆனால் இந்த இழை தயாரித்த தொழிலாளர் சிலருக்கு நுரையீரல் உறையில் தழும்புத் திட்டுகள் தெரிந்தன. அதனால் ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன்.

நீ சூளை உள்பூச்சைப் பிரிக்கும் வேலைக்குப் போகிறாய் என்றதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சூளையின் உள்ளே போர்வைபோல் பதிக்கும் இந்த இழை விரிப்பைத்தான் பிளாங்கெட் என்போம். புது பிளாங்கெட்டைவிட வெந்த பிளாங்கெட் மோசம். 1000 டிகிரிக்கு மேல் நெடுநாள் கிடந்தால் அதில் கிரிஸ்டோபலைட் உருவாகும். அது படிகச் சிலிக்கா. அதே அமைப்பின் பட்டியலில் புற்றுநோய் தருவது என்று உறுதியான முதல் பிரிவு. தொட்டால் பொடியாக உதிரும். சூளை நன்றாக ஆறியபின் நனைத்துவிட்டுப் பிரி. காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்ய யாரையும் விடாதே.

அப்புறம் ஒன்று. காலரில் பம்பு மாட்டிக் காற்றை அளக்க வருவார்கள். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் இந்த இழைக்கு 2006இல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.5 இழை. எங்கள் ஆலையில் அந்த நாளில் மட்டும் என்னை வெட்டும் ரம்பத்திலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள். எண் அழகாக வரும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நீ பிரிக்கிற நாளிலேயே பம்பு மாட்டச் சொல். வருகிற எண்ணை எனக்கு அனுப்பு.

அப்பா