'மார்க் வரட்டும், பார்க்கலாம்': அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நான் ஒரு சிற்றூரில் கணினி மையம் நடத்துகிறேன். பட்டா நகல், மின்கட்டணம், வேலைவாய்ப்புப் பதிவு என்று ஆண்டு முழுவதும் ஓடும் கடை, மே மாதம் வந்தால் உங்கள் பிள்ளைகளால் நிரம்பிவிடும். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள், நான் கதவைத் திறப்பதற்கு முன்பே அப்பாவும் மகளுமாக வாசற்படியில் உட்கார்ந்திருப்பார்கள். "என்ன படிக்கலாம், சொல்லுங்கள்" என்று என்னைக் கேட்பார்கள். கேட்க வேண்டிய ஆளும் நான் இல்லை, கேட்க வேண்டிய மாதமும் அது இல்லை.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத்தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து ஒழிந்தது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு கட்-ஆஃப். பயிற்சி மையத்தின் வாசலை மிதிக்காத பிள்ளைகள் கிண்டியிலும் குரோம்பேட்டையிலும் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்குப் போக முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நிம்மதி நமக்கு ஒரு பழக்கத்தையும் கொடுத்துவிட்டது: "மார்க் வரட்டும், பார்க்கலாம்." பொறியியலுக்கும் கலை அறிவியல் படிப்புகளுக்கும் இது சரி. நாடு முழுவதற்குமாக நடக்கும் தேர்வுகளுக்கு இது உதவாது.

தேதிகளைப் பாருங்கள். சட்டப் படிப்புக்கான க்ளாட் தேர்வு இப்போது டிசம்பரிலேயே நடந்துவிடுகிறது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர அதுதான் வழி. என்ஐடி போன்ற மத்தியப் பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் முதல் அமர்வு ஜனவரியில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முன்பே, தீபாவளியை ஒட்டிய வாரங்களில். ஆடை வடிவமைப்புப் படிப்புக்கான நிஃப்ட் விண்ணப்பமும் பொதுத்தேர்வுக்கு முன்னால் முடிகிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான க்யூட்டும் மருத்துவத்துக்கான நீட்டும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் விண்ணப்பம் கேட்கும். செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வுமாக உங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் அவை. மே மாதம் என் கடைக்கு வருகிறவர்களுக்கு இவற்றில் எதுவும் மிச்சமில்லை.

அப்படி வந்த வணிகவியல் பிரிவு மாணவி ஒருத்தி வழக்கறிஞராக வேண்டும் என்றாள். க்ளாட் என்ற பெயரையே என் கடையில்தான் முதன்முதலாகக் கேட்டாள். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு மார்க்கே போதும் என்பதால் அவளுக்கு ஒரு வழி மிஞ்சியிருந்தது. அறிவியல் பிரிவுப் பிள்ளைகளுக்காவது யாராவது நீட், ஜேஇஇ என்று காதில் போட்டுவிடுகிறார்கள். வணிகவியல், கலைப் பிரிவுகளை யாரும் கண்டுகொள்வதே இல்லை. க்ளாட் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே அவளிடம் சொல்லியிருந்தால், நூலகத்தில் ஆங்கில நாளிதழ் படிக்கவாவது ஒன்றரை ஆண்டு கிடைத்திருக்கும்.

அடுத்தது சான்றிதழ். மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் ஓபிசி என்னும் இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு 27 விழுக்காடு இடம் உண்டு. நம் பிள்ளைகள் கையில் இருப்பதோ பிசி, எம்பிசி என்று மாநில அரசு கொடுத்த சாதிச் சான்றிதழ். அது அங்கே செல்லாது. மத்திய அரசின் படிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். அதுவும் அந்தந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் இதைச் சொன்னால் அவர்கள் வருவாய் ஆய்வாளரைத் தேடி ஓடுவார்களா, தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடுவார்களா? தகுதி இருந்தும் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டுப் போகிறார்கள். அதற்குக் கட்டணமும் கூடுதல். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இதே ஓட்டம்தான்.

மின்னஞ்சல் முகவரியும் அப்படித்தான். அவசரத்தில் கடைக்காரரின் முகவரியையும் கைபேசி எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். பிறகு நுழைவுச்சீட்டு எடுக்க ஓடிபி வேண்டும் என்று வேறெங்கோ பதிவு செய்தவர்கள் என்னிடம் வந்து நிற்கிறார்கள். பிள்ளையின் பெயரில் ஒரு முகவரி, கடவுச்சொல்லை எழுதி வைக்க நோட்டில் ஒரு பக்கம். இதற்குக்கூடவா அரசாணை வேண்டும்?

தேர்வுப் பயிற்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஆசிரியர்கள் கற்றுத்தருவதில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் "ஒரு கேள்வியையும் விடாதே, எதையாவது எழுதி வை" என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கிவிட்டு, சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு மைனஸ் ஒன்று என்றிருக்கும் தேர்வுக்கு அனுப்புகிறோம். தெரியாததை விட்டுவிட்டு வருவதும் பழகித்தான் வர வேண்டும். ஜேஇஇ மெயின் கணினியில் நடக்கிறது, தமிழிலும் எழுதலாம். அதை நடத்தும் தேசியத் தேர்வு முகமை தன் இணையதளத்தில் மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. உங்கள் பள்ளியில் ஹைடெக் கணினி ஆய்வகமும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அரசின் மாதிரிப் பள்ளிகளில் இதெல்லாம் நடக்கிறது, தெரியும். அங்கே போவது தேர்ந்தெடுத்த பிள்ளைகள். மீதிப் பேர் உங்களிடம்தான் இருக்கிறார்கள். உயர்கல்விக்கு வழிகாட்ட அரசு நடத்தும் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சியும் நல்லதுதான். பொதுத்தேர்வு முடிந்த பிறகு வருவதால் பாதிப் பயன்தான்.

பொறியியல் கவுன்சலிங்கிலும் இழப்பு உண்டு. எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் விருப்பப் பட்டியலில் போடலாம், வரிசைதான் முக்கியம் என்பது தெரியாமல் ஐந்தாறோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற முந்தைய ஆண்டுப் பட்டியலை யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை. வீட்டு வாசலுக்குக் கல்லூரிப் பேருந்து வருகிறதா என்று பார்த்து முடிவெடுக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும் என்பதை அறியாத பெற்றோரிடம், தனியார் கல்லூரி முகவர்கள் முன்பணம் வாங்கிப் போய்விடுகிறார்கள். உங்கள் மாணவர்களின் கைபேசி எண்கள் அந்த முகவர்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம்.

தேர்ச்சி விழுக்காடு ஒன்றை வைத்தே உங்களை மேலிடம் அளக்கிறது என்பதை அறிவேன். எழுத்தர் பணியிடம் காலி, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவேற்றம் வேறு. அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஒரு முதுகலை ஆசிரியரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். அதற்காக வாரம் இரண்டு பாடவேளையைக் குறைத்துக்கொடுங்கள். தேர்வுத் தேதிகளை ஜூலையிலேயே அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். ஓபிசி சான்றிதழைக் காலாண்டு விடுமுறைக்குள் வாங்கிவிடும்படி பெற்றோர் கூட்டத்தில் சொல்லுங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளையும் அந்தக் கூட்டத்தில் உட்கார வையுங்கள்.

சனிக்கிழமை மதியம் என் கடையில் நான்கு கணினிகள் சும்மா கிடக்கின்றன. பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியர் விரும்பினால் பிள்ளைகளை அனுப்பலாம். அச்செடுக்கும் காசு மட்டும் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு கணினி மையக்காரன்