ஐந்தாம் எண் மரத்தின் முடிவை எங்களுக்குச் சொல்லுங்கள்

எங்கள் தென்னந்தோப்பில் குருத்து எடுத்துச் சென்ற ஆய்வகத்தின் இயக்குநர் அவர்களுக்கும் அங்கே பணிபுரியும் விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

சென்ற ஆடி மாதம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்புக்கு உங்கள் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். ஏழு மரங்களில் சிவப்புப் பெயின்ட்டால் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டார்கள். மரமேறியை வைத்துக் குருத்தோலையில் கொஞ்சம் வெட்டி எடுத்து, பையில் போட்டு, அதன்மேல் எண் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். மரமேறியின் கூலியை நாங்கள்தான் கொடுத்தோம். கொடுத்ததில் வருத்தம் இல்லை. வந்தவர்களில் ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும், திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டே தென்னை வாடல் நோயின் கிருமி மரத்தில் இருக்கிறதா என்று சோதிக்கத்தான் குருத்தை எடுக்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார். போகும்போது என் அம்மாவிடம், "முடிவு வந்ததும் சொல்றோம் பாட்டி" என்றார். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

இந்த மடலை நான் ஐப்பசியிலேயே எழுதியிருக்கலாம். வேலை அதிகமாக இருக்கும், மாதிரிகள் நிறைய வந்திருக்கும் என்று பேசாமல் இருந்தேன். இப்போது எழுதக் காரணம் ஒரு படம்.

என் மகள் எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறாள். சித்திரையில் ஒரு கருத்தரங்குக்குப் போனவள், மேடைத் திரையில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்திருக்கிறாள். அதன் கீழே ஒரு ஜெல் படம், அதாவது கிருமியின் டி.என்.ஏ. இருந்தால் கீற்றாகக் காட்டும் சோதனைப் படம். கறுப்புப் பின்னணியில் ஏழு வரிசை, ஒன்று முதல் ஏழு வரை எண். பக்கத்தில் எங்கள் கிணற்றடி மரத்தின் புகைப்படம். எங்கள் துணி காயும் கொடிகூட அதில் இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். ஐந்தாம் வரிசையில் பளிச்சென்று ஒரு கீற்று. மூன்றாம் வரிசையில் ஒன்றுமே இல்லை. படத்தின் மூலையில் தேதி இருந்தது. அக்டோபர் மாதம்.

மூன்றாம் எண் மரத்தை நாங்கள் தை மாதம் வெட்டிவிட்டோம் ஐயா.

அந்த மரம்தான் ஏழில் அதிகமாக மஞ்சளித்திருந்தது. என் தங்கை பிறந்த வருஷம் அப்பா வைத்தது. அப்பா இப்போது இல்லை. முடிவு வரும், வரும் என்று ஆடியிலிருந்து தை வரை காத்திருந்தோம். பக்கத்துத் தோப்புக்காரர்கள், "இதை வச்சுக்கிட்டு இருந்தா எங்க தோப்புக்கும் வந்துடும்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை. வாடல் வந்த மரத்தை வைத்திருப்பது அடுத்தவர் வீட்டுக்குத் தீ வைப்பது போலத்தான். வெட்டிய அன்று அம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மரம் விழுந்த சத்தம் கேட்டதும் உள்ளே இருந்து, "லேப்ல இருந்து சொல்லிட்டாங்களா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். நான் ஆமாம் என்று பொய் சொன்னேன்.

முடிவு அப்போதே மூன்று மாதம் பழையதாக உங்கள் கணினியில் இருந்திருக்கிறது.

ஐந்தாம் எண் மரம் கிணற்றடியில் இன்றும் நிற்கிறது. பார்த்தால் நோய் இருப்பதாகவே தெரியாது. ஓலை பச்சையாக இருக்கிறது, பாளையும் விடுகிறது. ஈர்க்குகள் கொஞ்சம் உள்நோக்கி வளைந்திருப்பதை இப்போதுதான், படத்தைப் பார்த்த பிறகுதான், கவனித்தோம். அதன் அடியிலும் சுற்றிலும் ஐப்பசி மழையில் பன்னிரண்டு தென்னம்பிள்ளை நட்டிருக்கிறோம். நோயைக் கொண்டுபோவது கண்ணாடி போன்ற இறக்கை உள்ள ஒரு சின்னப் பூச்சியும் ஒரு தத்துப்பூச்சியும் என்று உங்கள் துறையினரே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். அக்டோபரில் ஒரு போன் வந்திருந்தால் அந்தப் பிள்ளைகளை அங்கே வைத்திருப்போமா?

இந்த நோயைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கவேண்டியதில்லை. நாங்களும் ஒன்றும் தெரியாதவர்கள் இல்லை என்பதற்காகக் கொஞ்சம் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் கேரள வாடல் என்கிறார்கள். மலையாளத்தில் காற்றுவீழ்ச்ச. இரண்டு பெயரும் எங்கள் வீட்டில் புழங்கும். 1882இல் வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அதன்பிறகு நூறு ஆண்டு காலம் என்ன கிருமி என்றே தெரியாமல் மரங்கள் நலிந்தன. பூஞ்சை என்றார்கள், வைரஸ் என்றார்கள், மண் கோளாறு என்றார்கள். 1983இல்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகைக் கிருமியைப் பார்த்தார்கள். அதே 1983இல்தான் அமெரிக்காவில் கேரி மல்லிஸ் என்ற விஞ்ஞானிக்கு, டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். முறை தோன்றியது, பத்து வருஷம் கழித்து அதற்காக நோபல் பரிசு வாங்கினார். இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் எங்கள் குருத்து உங்கள் குழாய்க்குள் வந்தது.

அந்தக் கிருமிக்குச் செல்சுவர் இல்லை. மரத்தின் உணவுக் குழாய்க்குள்ளேயே வாழ்கிறது. மற்ற பாக்டீரியாவைப் போல ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்க்க முடியாது. அதனால் அதன் டி.என்.ஏ.வைத் தேடிப் பிடித்துப் பெருக்குவதுதான் வழி. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது சுற்றில் நூறு கோடிக்கு மேல் போய்விடும் என்று மகள் விரலை மடக்கி எனக்குக் கணக்குச் சொன்னாள். இது எங்களுக்குக் கண்ணில் பார்த்துத் தெரியாத விஷயம், அதனால்தான் உங்களை நம்பியிருக்கிறோம். ஓலை மஞ்சளாக ஆயிரம் காரணம் உண்டு. தண்ணீர் போதாவிட்டால் மஞ்சளாகும். மெக்னீசியம் குறைந்தால் மஞ்சளாகும். 2016இலிருந்து எங்களைப் பிடித்திருக்கும் சுருள் வெள்ளை ஈ வேறு ஓலையைக் கறுப்பாக்கி மரத்தைச் சோர்வடைய வைக்கிறது. மூன்றாம் எண் மரத்துக்கு ஒருவேளை அரைக் கிலோ மெக்னீசியம் சல்பேட்டும் கோடையில் கொஞ்சம் கூடுதல் தண்ணீரும் போதுமானதாக இருந்திருக்கும். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கீற்று இல்லை என்றால் நோயே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, கிருமி மரத்துக்குள் ஒரே சீராகப் பரவியிருக்காது, எடுத்த துண்டில் இல்லாமல் போயிருக்கலாம் என்று மகள் சொன்னாள். சரி. அதையே எழுதி அனுப்புங்கள். "மூன்றாம் எண்ணில் கிருமி தென்படவில்லை, உறுதி இல்லை, ஆறு மாதம் பொறுத்து மறுபடி பாருங்கள்" என்று ஒரு வரி வந்திருந்தால் அந்த ஆறு மாதம் அந்த மரத்துக்குக் கிடைத்திருக்கும். ஐயத்தோடு வாழ விவசாயிக்குத் தெரியும். மழையை அப்படித்தானே பார்க்கிறோம்.

நான் கேட்பது ஒன்றுதான். எந்தத் தோப்பில் குருத்து எடுக்கிறீர்களோ அந்தத் தோப்புக்கு முடிவைச் சொல்லுங்கள். ஒரே ஒரு தாள், மரத்தின் எண், கிருமி இருந்ததா இல்லையா, அடுத்து என்ன செய்யலாம். அது எங்களுக்குத் தமிழில் வேண்டும்.

தமிழில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அன்று அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. எங்கள் சித்தூர் தாலுகாவில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்பது இங்கே வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற 1969ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டமே எங்களைப் போன்ற சிறுபான்மையினருக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் நடைமுறையில் எங்கள் நிலை வேறு. பொள்ளாச்சிப் பக்கம் வாடல் பற்றிக் கூட்டம் போட்டால் போய் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறோம், பெயர் எழுதும்போது நீங்கள் கேரளா என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் பக்கம் துண்டறிக்கை மலையாளத்தில் வருகிறது. பூச்சிக்கு வாளையாறும் கோபாலபுரமும் செக்போஸ்ட் இல்லை. எங்களுக்கு மட்டும் எல்லா இடத்திலும் இருக்கிறது. இதில் ஆற்று நீர்ப் பங்கீட்டைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தால் மடல் முடியாது. நீங்கள் அதற்குப் பொறுப்பு இல்லை, மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்கிறவன் நான் இல்லை. காசர்கோட்டு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தார் நோய் தாங்கும் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா இனங்களைக் கொடுத்ததையும், எங்களிடமிருந்து அதிக தூரம் இல்லாத சாவக்காட்டின் பச்சைக் குட்டைத் தென்னையின் மரபணுத் தொகுதியைப் படித்து 2020இல் வெளியிட்டதையும் மகள் சொல்லக் கேட்டுச் சந்தோஷப்பட்டவன். 2016இல் லேம்ப் என்ற முறையில் இந்த நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையும் கட்டுரையாக வந்துவிட்டதாம். பி.சி.ஆர். போலச் சூட்டை ஏற்றி இறக்கும் இயந்திரம் வேண்டாம், அறுபதிலிருந்து அறுபத்தைந்து டிகிரியில் ஒரே சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும் என்கிறாள். அப்படியானால் அதை ஊர் வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் வைத்தே செய்யலாமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பெட்டியை நான் பார்க்கவில்லை. அது நாளைக்கு வரட்டும். அக்டோபரிலேயே கையில் இருந்த முடிவைச் சொல்ல எந்தப் புதுக் கருவியும் வேண்டியிருக்கவில்லையே.

எங்கள் மரத்தின் படம் மேடைவரை போயிருக்கிறது, நாளைக்குக் கட்டுரையிலும் வரும். வரட்டும், பெருமைதான். ஆனால் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் அதைக் கடைசியில், அதுவும் தற்செயலாக, தெரிந்துகொண்டது எனக்கு ஆறவில்லை. நாங்கள் லேப்புக்குக் குருத்துக் கொடுத்ததாக ஊரில் பேச்சு பரவியதும், கள்ளுக்கு மரம் குத்தகை எடுக்கிறவர் இந்த வருஷம் எங்கள் தோப்பைத் தவிர்த்துவிட்டார். முடிவு தெரியாமல் அவருக்கும் நாங்கள் என்ன சொல்வது?

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஏழு மரங்களின் முடிவையும் எழுத்தில் அனுப்பி வையுங்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு, ஏழு ஆகியவற்றின் வரிசை மகள் எடுத்த படத்தில் மங்கலாக இருக்கிறது, எங்களால் படிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் இன்னும் யார் யார் தோப்பில் எடுத்தீர்களோ அவர்களுக்கும் இதே போல அனுப்புங்கள். ஐந்தாம் எண் மரத்தை வெட்டுவதா, வைப்பதா, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெயர்த்து வேறு இடத்தில் நடலாமா என்று உங்களில் யாராவது ஒருவர் வந்து பார்த்துச் சொன்னால் பெரிய உதவி. மழை பிடிப்பதற்குள் வந்தால் நல்லது. தொலைபேசி எண்ணும் முகவரியும் அம்மா கையெழுத்துப் போட்ட அந்தத் தாளிலேயே இருக்கின்றன.

மறுபடி குருத்து வேண்டும் என்றாலும் வாருங்கள், மரமேறிக்கு நான் சொல்லி வைக்கிறேன். அன்று திண்ணையில் உட்கார்ந்து பேசிய அந்தப் பெண்ணையும் அனுப்புங்கள். அம்மா அவரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். மூன்றாம் எண் மரத்தைப் பற்றி அம்மாவிடம் யாரும் பேசவேண்டாம், அதை மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை அருகே ஒரு தென்னை விவசாயி