ஐஸ் ஹாக்கி: ஸ்கோர் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

20 வயதுக்குட்பட்டோருக்கான உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கிப் போட்டி வழக்கம்போல டிசம்பர் 26-ல் தொடங்கும். மொத்தம் 10 அணிகள். ஸ்கோரை ஒரு மூலையில் போடுவதோடு நிறுத்தாமல் விதிகளையும் இரண்டு வரி சேர்த்தால், கோவையில் ரோலர் ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள்.

புதிதாகப் பார்ப்பவரைக் குழப்புவது ஆஃப்சைடுதான். கால்பந்து போலத் தடுப்பாட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்று தேட வேண்டாம். எதிரணியின் கோல் பக்கப் பகுதி தொடங்கும் இடத்தில் உள்ள நீலக்கோட்டைக் கவனித்தால் போதும். பந்துக்குப் பதிலாக ஆடும் ‘பக்’ அந்தப் பகுதிக்குள் வருமுன் தாக்கும் அணி வீரரின் இரண்டு ஸ்கேட்டும் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆஃப்சைடு. ஒரு ஸ்கேட் பின்தங்கியிருந்தால் தப்பித்தார்.

பக் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வில்லை. எடை 156 முதல் 170 கிராம். ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். சூடேறிய ரப்பர் துள்ளும், மட்டைக்கு அடங்காது. ஆசைப்பட்டு அதை வாங்கி நம்மூர் சிமென்ட் தளத்தில் அடிப்பது காசுக்குக் கேடு: உரசி நிற்கும், இல்லையேல் விளிம்பில் உருண்டோடும். சக்கர ஸ்கேட்டுக்கென்றே இலகுவான பக் இருக்கிறது.

ஆட்ட நேரத்தை இந்திய நேரப்படி அச்சிடுங்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் அப்போது மாலை 6 மணி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30.

— ரோலர் ஹாக்கிப் பயிற்சியாளர்கள், பீளமேடு, கோவை