மிருகக்காட்சிசாலையோடு திரும்பிவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தங்கள் நாளிதழின் விடுமுறைச் சுற்றுலாப் பக்கத்தில், திருவனந்தபுரத்தில் பார்க்க வேண்டியவையாகப் பத்மநாபசாமி கோயில், கோவளம், மிருகக்காட்சிசாலை ஆகிய மூன்றை மட்டும் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த மிருகக்காட்சிசாலை இருக்கும் வளாகத்திலேயே நேப்பியர் அருங்காட்சியகமும் ஸ்ரீ சித்திரா ஓவியக் கூடமும் இருப்பதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து வேன் பிடித்துச் செல்லும் குடும்பங்கள் பல, புலியையும் நீர்யானையையும் பார்த்துவிட்டு, பூங்கா மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, அருங்காட்சியகத்தின் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டு, அதன் படியேறாமலேயே ஊர் திரும்பிவிடுகின்றன.

இத்தனைக்கும் அந்தக் கட்டடமே பார்க்க வேண்டிய பொருள்தான். 1857-இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்காக 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட இதை வடிவமைத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை உருவாக்கிய ராபர்ட் சிஷோம். கேரளத்துச் சரிவான ஓட்டுக்கூரையையும் மரச்செதுக்கு முகப்பையும் பிற நாட்டுப் பாணிகளோடு துணிந்து கலந்து, காற்று தானாக உள்ளே உலவும்படியும் அவர் செய்திருக்கிறார். செப்புத் திருமேனிகள், தந்தச் சிற்பங்கள், மரத்தேர் ஆகியவற்றோடு ஜாவா தீவின் தோற்பாவைகளும் அங்கே உள்ளன. நம் ஊர்க் கொடைவிழாக்களில் தோற்பாவைக்கூத்து பார்த்தவர்கள் அவற்றின் முன் சற்று நேரம் நின்றுவிடுவார்கள்.

1935-இல் தொடங்கப்பட்ட ஓவியக் கூடத்தின் பெருமை ரவி வர்மாவின் ஓவியங்கள். அவற்றுக்கென 2023-இல் அதே வளாகத்தில் தனிக்கூடமும் திறக்கப்பட்டிருக்கிறது. காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் பாவனை செய்து, தோழியின் தோளைப் பற்றியபடி துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையை நாம் நாள்காட்டிகளில்தான் கண்டிருப்போம். அச்சுப்படத்தில் மங்கிப்போகும் சேலை மடிப்பும் தோலின் நிறமும் மூல ஓவியத்தில் எப்படித் துலங்குகின்றன என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும்.

குமரி மாவட்டத்தாருக்கு இது அயல்மாநிலக் காட்சி மட்டுமன்று. இம்மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள்ளும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தது. அங்கே திரட்டி வைக்கப்பட்டிருப்பதில் நம் பாட்டன்மார் காலத்து வாழ்க்கையும் அடங்கும். ஆகவே, சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளி ஆசிரியர்கள் மிருகக்காட்சிசாலைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியையேனும் இவற்றுக்கு ஒதுக்க வேண்டுகிறேன். அடுத்த முறை தாங்கள் பட்டியல் வெளியிடும்போது இவ்விரண்டையும் சேர்ப்பதோடு, திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகர்கோவில்.