‘புரிந்தது’ என்பது சான்றல்ல

ஆசிரியருக்கு,

ஸ்மார்ட் வகுப்பறைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, ‘நன்றாகப் புரிகிறது’ என்று மாணவர்கள் சொன்னதையே வெற்றிக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சான்று நிற்காது. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டிய மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் கதை நேர்மாறு.

கட்டுரை மெச்சும் செய்துகாட்டல்களுக்கும் இது பொருந்தும். அதே பல்கலைக்கழகத்தின் 2004ஆம் ஆண்டு ஆய்வில், சோதனையைப் பார்க்கவே செய்யாதவர்களில் 22 சதவீதம் பேர் பின்னர் காரணத்தைச் சரியாக விளக்கினார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களில் 24. என்ன நடக்கும் என்று முதலிலேயே தங்கள் ஊகத்தைப் பதிவு செய்துவிட்டுப் பார்த்தவர்களில் 30. முப்பதும் மார்தட்டிக்கொள்ளும் எண் அல்லதான். ஆனால் அந்த உயர்வுக்கு ஆன கூடுதல் நேரம் சுமார் இரண்டு நிமிடம், செலவு ஒன்றுமில்லை.

அங்கேயே இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறைக்கும் திரை தேவையில்லை. கேள்விக்கு நான்கு விடைத்தேர்வுகள், அவற்றைக் காட்ட ஆளுக்கு நான்கு அட்டைகள் போதும். மேல்நோக்கி எறிந்த பந்து கையை விட்டபின் அதன்மீது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன (காற்றை விட்டுவிடுவோம்) என்று கேளுங்கள். ஒரு நிமிடம் பேச்சில்லாமல் யோசிக்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை முன்வரிசையைக் காப்பியடிக்கும். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பாடத்தை வேறு வழியில் மறுபடி நடத்துங்கள். எழுபதைத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இடைப்பட்டால், அதாவது 40 பேர் வகுப்பில் 12 முதல் 28 பேர் வரை சரி என்றால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு மூன்று நிமிடம் வாதாடவிட்டு மறுபடி அட்டை கேளுங்கள். ‘கை கொடுத்த விசை கூடவே போய் மெல்லத் தேய்கிறது’ என்ற தவறான எண்ணம் அந்த வாதத்தில்தான் வெளியே வரும்.

முறை கெடுவது பெரும்பாலும் ஆசிரியரால். முதல் சுற்று எண்ணிக்கையை வாய்தவறிச் சொல்லிவிட்டால் இரண்டாம் சுற்றில் எல்லோரும் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். சரியான விடைக்கு மதிப்பெண் என்று அறிவித்தால் கெட்டிக்கார மாணவர் பேசுவார், மற்றவர் தலையாட்டுவார். சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வரும் கேள்வியில் வாதாட என்ன இருக்கிறது?

கணினி நிரலாக்கத்திலும் இதே நோய்தான். ‘அ = 5, ஆ = அ, அ = 8’ என்ற மூன்று வரிகளுக்குப் பிறகு ‘ஆ’வின் மதிப்பு என்ன? எட்டு என்பவர்கள் நிறையப் பேர். ‘=’ என்பதைக் கணக்குப் பாடத்துச் சமக்குறியாகவே படிக்கிறார்கள்; நிரலில் அது வலப்பக்கத்தில் அந்த நொடி உள்ள மதிப்பை இடப்பக்கப் பெயரில் எடுத்துவைக்கும் கட்டளை. நிரலை ஓட்டும் முன் விடையை நோட்டில் எழுதச் சொல்லாவிட்டால், திரையில் 5 வந்ததும் ‘அதானே’ என்று நகர்ந்துவிடுவார்கள்.

தொடக்கநிலையில் வெற்றுத் திரையைக் கொடுக்காமல், 2006இல் பார்சன்ஸும் ஹேடனும் அறிமுகப்படுத்திய வரிசைப் புதிரைக் கொடுக்கலாம். எட்டு வரி நிரலை வரிவரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, சரியாக அடுக்கச் சொல்வதுதான் அது. முழுக்க எழுதுவதைவிட நேரம் குறைவு; கற்றல் குறையவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. பொறி வரி, அதாவது ஏமாற்றுவதற்காகச் சேர்க்கும் தவறான வரி, ஒன்றோ இரண்டோ போதும். அதற்கு மேல் போனால் புதிர், தண்டனையாகிவிடும். கூட்டுத்தொகையைப் பூஜ்யமாக்கும் வரியை, வளையத்துக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு) வெளியே வைக்க ஒன்று, உள்ளே வைக்கத்தக்கபடி வரித் தொடக்கத்தில் இடைவெளி விட்டு இன்னொன்று எனக் கொடுப்பது நல்ல பொறி: உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் தொகை அழியும். திருத்தும்போது ஒரு கவனம் வேண்டும். கூட்டுத்தொகை, எண்ணிக்கை இரண்டையும் பூஜ்யமாக்கும் வரிகளில் எது முதலில் வந்தாலும் சரிதான். விடைத்தாளில் உள்ள வரிசை மட்டுமே சரி என்று தப்புப் போட்டுவிடக் கூடாது.

இப்படிக்கு,
இயற்பியல், கணினி அறிவியல் ஆசிரியர்கள் இருவர்