அந்த முதல் வருட வாட்டர்கலரைப் பழைய பேப்பரோடு போடாதீர்கள்

எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியின் முன்னாள் மாணவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுப் பரணில், பழைய போர்ட்ஃபோலியோ அட்டைக்குள், கல்லூரி வளாகத்தை வரைந்த வாட்டர்கலர் ஒன்றாவது கிடக்கும். சிவப்புக் கட்டடத்தின் ஒரு மூலை, மரநிழல் விழுந்த தரை, ஒரு படிக்கட்டு. அவுட்டோர் வகுப்பில் போர்டை மடியில் வைத்துக்கொண்டு வரைந்தது. கை பழகாத காலத்து வேலை என்று வீடு மாறும்போது அதைத்தான் முதலில் கழிக்கிறோம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி நம்முடையது. அங்கே யார் படித்தார்கள், யார் முதல்வராக இருந்தார்கள் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது அந்தத் தாள்களில்தான் இருக்கிறது. ஓரத்தில் ஆசிரியர் பென்சிலால் போட்டுக் காட்டிய பெர்ஸ்பெக்டிவ் (தூரம் காட்டும்) கோடு, நிழல் கறுப்பல்ல என்று காட்ட அவர் வைத்த ஒரு நீல வாஷ், அதாவது நீர் கலந்த மெல்லிய பூச்சு. பாடத்திட்டத்தில் தேடினால் இவை கிடைக்காது. படத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்தக் கோட்டை அழித்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால், படத்தைவிட அது பெரிது.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கல்லூரி முதல்வராக இருந்த சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மாணவர். 1957-இல் அவருக்குப் பின் முதல்வரானவர். 1966-இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் உருவாகக் காரணமானவர். அறுபதுகளில் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசையைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். தொடக்கத்தில் அவர் இயற்கைக் காட்சிகளை வாட்டர்கலரில் வரைந்தவர். அங்கிருந்து இங்கே எப்படி வந்தார் என்று கேட்பவருக்குப் பழைய தாள்கள்தான் பதில் சொல்லும். நம் ஒவ்வொருவர் விஷயத்திலும் இதுவே உண்மை. பெயர் பெற்றோமா இல்லையா என்பது வேறு கணக்கு.

லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். செங்கல்லுக்கு நாம் போட்ட கிரிம்சன் சிவப்பு, வெளிச்சம் பட்டால் சீக்கிரம் வெளுக்கும். ஜன்னலுக்கு எதிரே மாட்டவேண்டாம். பின்பக்கம் மெல்லிய பென்சிலில் பெயர், ஆண்டு, எங்கே உட்கார்ந்து வரைந்தீர்கள், வகுப்பெடுத்த ஆசிரியர் யார் என்று எழுதுங்கள். கடைசி விவரம் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

பிறகு முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் செய்து கல்லூரியிடம் கொடுப்போம். மூலத்தைத் தர மனமில்லையென்றால் நகல் போதும். ஆண்டுவாரியாக அடுக்கிவைக்க ஓர் அறை ஒதுக்கும்படி முதல்வரிடம் நாமே சேர்ந்து கேட்போம். மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இது நடக்கவேண்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்