தாளைத் திருப்பி வைத்தவருக்கு

பினாங்கில் எங்கள் லோரோங்கில் (சந்தில்) இருப்பவர்களுக்கும் எங்களோடு கூட நின்ற எல்லாருக்கும்,

அக்கம்பக்கத்து நிலத்தில் கட்ட மேம்பாட்டு நிறுவனம் போட்ட விண்ணப்பத்துக்கு நாம் ஆட்சேபம் எழுதினோமே, அதற்குப் பதிலாக நேற்று மாலை வந்த கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நான்காவது முறை அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வடிகால் பகுதியைத் திருத்தி மறுபடியும் சமர்ப்பிக்க அந்த நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்ற வரி வந்ததும் அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ச் சாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றினார். நடந்தது என்னவென்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி கிளறப் போவதில்லை. கை நடுக்கம் அடங்குவதற்குள் நன்றியை எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி உங்களில் யாருக்கும் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது ஊராட்சி மன்றத் திட்டமிடல் பிரிவின் முகப்பில் அன்று இருந்த ஒரு மலாய்க்கார அக்காவுக்கு. பெயர் அட்டை குத்தியிருந்தார், படித்தேன். இங்கே எழுதமாட்டேன். நல்லது செய்தவருக்கு நம்மால் ஒரு தொல்லை வரக் கூடாது.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் அங்கே போனது, அது வந்த பதினாறாவது நாள். நோட்டீஸ் தாத்தா பெயருக்கு வந்திருந்தது. கிராண்ட் (நிலப் பட்டா) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் இறந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கும்படி அவரை மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, எந்த நிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் கட்டுமான விண்ணப்பம் வந்தால் அண்டை நில உரிமையாளர்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள் தவணை. அதில் 11 நாளை எங்கள் நோட்டீஸ் மின்சார பில்லுக்கு அடியில் கழித்தது. எதிர் வரிசையில் இரண்டு வீட்டில், ஏதோ கொண்டோ விளம்பரம் என்று நினைத்துக் கிழித்தே போட்டிருந்தார்கள்.

நாங்கள் போனபோது மணி நாலரை. அந்த அக்கா வரைபடத்தை மேசைமேல் விரித்தார். எந்த அலுவலகத்திலும் வரைபடம் அதிகாரியைப் பார்த்துத்தான் கிடக்கும். நாம் இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாக எட்டிப் பார்ப்போம், புரிந்த மாதிரி தலையாட்டுவோம், வந்துவிடுவோம். நானும் தலையாட்ட ஆரம்பித்திருந்தேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். தம் தேநீர்க் குவளையை ஓரமாக நகர்த்தினார். இரண்டு கையாலும் தாளைப் பிடித்து, முழுவதுமாக எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்கள் வீடு எது, மக்சிக் (அத்தை)?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. அவர் அம்மாவின் சுட்டுவிரலை மெல்லப் பிடித்து முதலில் நம் கோயில்மேல் வைத்தார். அங்கிருந்து வடிகால் ஓரமாகவே நகர்த்திக்கொண்டு வந்து ஒரு சின்னக் கட்டத்தில் நிறுத்தினார். "இதுவா?" என்று அம்மா தமிழில் கேட்க, இதுதான் என்று அவர் மலாயில் சொன்னார். இருவருக்கும் விளங்கியது. நாற்பத்தாறு ஆண்டு குடியிருந்த வீடு இவ்வளவுதானா என்று அம்மாவுக்கு ஒரு வருத்தம். வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிறகு அந்த அக்கா முப்பட்டை அளவுகோல் ஒன்றை எடுத்தார். 1:500 வரைபடத்தில் நான்கு சென்டிமீட்டர் என்பது தரையில் 20 மீட்டர். நடுவில் சாலையோ வடிகாலோ இருந்தாலும், அதன் அகலம் 20 மீட்டரைத் தாண்டாவிட்டால் அந்தப் பக்கத்து நிலமும் சட்டத்தின் கண்ணில் அண்டை நிலம்தான். எங்கள் சாலை மூன்று சென்டிமீட்டர்கூட வரவில்லை. எதிர் வரிசை ஆறு வீடும் ஆட்சேபம் எழுதலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் எழுதிக்கொண்டு போன கடிதத்தையும் படித்தார். மூன்று பக்கம், அதில் இரண்டரை பக்கம் புலம்பல். எல்லாம் உண்மைதான், ஆனால் இதற்குப் பதில் சொல்லும் கட்டாயம் யாருக்கும் இல்லையே என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மழை பெய்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேட்டார். 2017 நவம்பரில் பினாங்கே மிதந்ததே, அன்று எங்கள் ஹாலில் நின்ற தண்ணீரின் மட்டத்தை அப்பா பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் 5.11.17 என்று எழுதிவைத்திருந்தார். அதன்பின் இரண்டு முறை சாயம் அடித்தோம். இரண்டு முறையும் அந்த ஒரு சாண் இடத்தைத் தொடவிடவில்லை அவர். அதைச் சொன்னதும் அந்த அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் கோட்டைப் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து எடுங்கள், அதுவே முதல் பக்கமாக இருக்கட்டும் என்றார். அப்போது ஐந்து இருபது. பின்னால் பாதி விளக்குகளை அணைத்துவிட்டிருந்தார்கள்.

ஆட்சேபித்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்ட விசாரணையன்று அந்தப் படம்தான் மேசையைச் சுற்றி வந்தது. 38 சென்டிமீட்டர். மேம்பாட்டு நிறுவனத்தின் பொறியியலாளர் அதை மட்டும் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

மற்ற எல்லாரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவு மேசையை எங்களுக்கு விட்டுக்கொடுத்த கோப்பிக்கடை அங்கிள், நகலெடுக்கக் காசு வாங்காத தம்பி, என் மலாயைத் திருத்திக்கொடுத்த ஆறாம் படிவத்து மாணவி, பசியாறக்கூட இல்லாமல் விசாரணைக்கு வேன் ஓட்டிய கோயில் செயலாளர், கையெழுத்துப் போட்ட பதினான்கு வீடு. மூலை வீட்டுத் தம்பதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். சட்டம் உரிமையாளருக்குத்தான் அறிவிக்கச் சொல்கிறது என்பதால் அவர்களுக்கு நோட்டீஸே வரவில்லை. வீடு வீடாக அலைந்தது அவர்கள்தான்.

இதில் எனக்கு ஆத்திரம் இல்லாமல் இல்லை. முப்பது ஆண்டு ஒரே வீட்டில் வாடகை கொடுப்பவர் அக்கம்பக்கத்தார் இல்லையாம், இறந்துபோன என் தாத்தா அக்கம்பக்கத்தாராம். விசாரணை வேலை நாளில் காலை பத்து மணிக்கு. தினக்கூலிக்காரர் எப்படி வருவார்? 1951இல் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் நடந்த ஊர் இந்த ஜார்ஜ்டவுன். 1965இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள், இன்றுவரை நியமனம்தான். வாக்குப் போட வழியில்லாத இடத்தில் இந்த 21 நாள்தான் நம் கையில் இருப்பது. அதுவும் உள்ளூர்த் திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் அண்டை வீட்டாருக்கு இப்படி அறிவிக்க வேண்டிய கட்டாயமே சட்டத்தில் இல்லை. எந்த நிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்ற பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிட்டதாகக் கணக்கு. பேச வேண்டியது வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைக்கும் சமயத்தில். அதற்குக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்க வேண்டும்.

ஆகவே சாமி சாட்சியாக எழுதிவைக்கிறேன். இனி எந்த வரைவு பார்வைக்கு வந்தாலும் முதல் வாரமே போவேன். நம் பகுதித் தாளை நகல் எடுத்து வந்து கோப்பிக்கடை மேசையில் உங்கள் பக்கம் பார்த்தபடி விரித்துவைப்பேன். தமிழில் சொல்வேன். வாடகைக்கு இருப்பவர்களும் வர வேண்டும். கிராண்ட் இன்னும் தாத்தா பாட்டி பெயரில் இருப்பவர்கள் தயவுசெய்து மாற்றிவிடுங்கள், நானும் மாற்றுகிறேன்.

இன்னொன்று. வீட்டில் வைத்து அளந்து பாருங்கள் என்று அந்த அக்கா தந்த அளவுகோல் இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறார். அரசாங்க ஊழியர் பரிசு வாங்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்படியென்றால் முகப்பில் இருக்கிற எல்லாருக்கும் என்று சொல்" என்று இன்னொரு படி மாவைச் சேர்த்துப் பிசைகிறார்.